பிசகாத கோடு

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி இப்படி உத்து உத்துப் பார்க்குறீங்களே சார்! பிடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லிட்டா, காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்ல?" என்றான் உதவியாள் மூக்கன்.

துப்பறியும் ஆத்மநாதன் இன்னும் கிட்டே போனார். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் மூக்கு உரசும்படி குனிந்து நின்றார்.

1939-ஆம் வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையிலிருந்து திருக்கோகர்ணம் போகும் சாலையில் இருந்த நாகராசுவின் மோட்டார் பெயின்ட் பட்டறையில் வெளிச்சத்தைவிட டர்பன்டைன் வாடைதான் அதிகம் இருந்தது. நடுவில் புது பஸ் ஒன்று நின்றது. மேல் பாதி வெண்ணெய் நிறம், கீழ்ப் பாதி அரக்குச் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் கோடு முன் சக்கரத்துக்கு மேலே புறப்பட்டுப் பின் ஏணி வரைக்கும் ஒரு மயிரிழை விலகாமல் ஓடியது.

அந்தக் கோட்டுக்காகத்தான் ஒரு மனிதன் காணாமற்போயிருந்தான்.

முந்தின நாள் ஆத்மநாதனின் அறைக்கு இலுப்பூரிலிருந்து மீனம்மாள் என்ற பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பேப்பரிலிருந்து கத்தரித்த விளம்பரம் ஒன்றை நீட்டினாள்.

'மோட்டார் பஸ்களுக்கு இரு வர்ணம் அடிக்கையில் கோடு பிசகாமலும் வர்ணம் வழியாமலும், கைத்தேர்ச்சி இல்லாத ஆளும் அடிக்கும்படியான உபாயம் தேவை. பெயின்டர்தான் என்பதில்லை, எத்தொழில் செய்பவரும் வரலாம். உபாயம் தேறினால் அன்னாரைப் பட்டறையில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வோம்.'

"எங்க அண்ணன் பிச்சைமுத்து புஸ்தகம் பைண்டு பண்றவரு. பசை தடவின காகித நாடாவை ஒட்டி, அதை அண்டி வர்ணம் அடிச்சு, அப்புறம் உரிச்சுப்புட்டா கோடு நேரா வரும்னு காட்டப் போனாரு. புதன்கிழமை போனவரு. மொதலாளியைக் கேட்டா, நாடா சரிப்படலை, அன்னிக்கே திரும்பிட்டாருங்குறாரு. வீடு வந்து சேரலைங்க ஐயா."

"நாளைக்கு நான் பட்டறைக்குப் போகிறேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் இருங்கள். பன்னிரண்டு மணிக்குள் நான் வராவிட்டால் நேரே பட்டறைக்கு வாருங்கள்" என்று சொல்லியிருந்தார் ஆத்மநாதன். மறுநாளே அந்தச் சொல்லுக்காகத் தன்னையே நொந்துகொள்ளப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

பட்டறையின் தலைமைப் பெயின்டர் பழனிச்சாமி ஒரு தூரிகையைக் கழுவிக்கொண்டே இவர்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோடு உங்கள் கைவேலையா?" என்று கேட்டார் ஆத்மநாதன்.

"பொய் சொல்லத் தெரியாதுங்க. என் கையில சாணுக்கு ஒரு நெளிவு வரும். இது மொதலாளி அடிச்சது. வியாழக்கிழமை எங்களுக்கெல்லாம் லீவு விட்டுப்புட்டுத் தானே அடிச்சாரு."

"முதலாளிக்குத் தூரிகை பிடிக்கத் தெரியுமா?"

"தூரிகையில காது குடைவாரு" என்று சொல்லிவிட்டுப் பழனிச்சாமி வாளியைத் தூக்கினார்.

மூக்கன் அவரை மரியாதையோடு பார்த்தான். அவன் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவன். பயணிகளை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தே வேலையை இழந்தவன். வாய்த்துடுக்கில் தன் ஜாதிக்காரர் ஒருவரைக் கண்ட சந்தோஷம் அவனுக்கு.

ஆத்மநாதன் பின் சக்கரத்தின் வளைவுக்குள் கையைவிட்டார். கோடு அங்கே மடங்கி உள்ளே போகும் இடத்தில் நகத்தில் ஏதோ தட்டியது. எச்சில் தொட்டு மெல்ல உரித்தார். விரல் அகலக் காகிதத் துண்டு. ஒரு பக்கம் சிவப்பு வர்ணம், மறுபக்கம் அச்செழுத்து.

"படி, மூக்கா."

"பிரமாதி வருஷம், சித்திரை..." மூக்கன் நிறுத்தினான். "இப்ப நடக்குறது வெகுதானிய வருஷம்ல சார்? பிரமாதி இன்னும் பொறக்கவே இல்லையே?"

"பிறக்காத வருஷத்துப் பஞ்சாங்கம் கடைக்கு வந்திருக்குமா?"

"வராது. அச்சடிச்சவன்கிட்ட இருக்கும். இல்லாட்டி..." மூக்கனின் குரல் இறங்கியது. "பைண்டு பண்றவன்கிட்ட."

"கழித்த தாளை நாடாவாக நறுக்கியிருக்கிறார் பிச்சைமுத்து. நாடா சரிப்படவில்லை என்ற முதலாளி, மறுநாளே அதை வைத்து ஒரு முழு பஸ்ஸுக்கு வர்ணம் அடித்திருக்கிறார்."

"வாங்க வாங்க! வெயிலோட வந்திருக்கீங்க. காப்பி சாப்பிடுங்க" என்ற குரல் கேட்டுத் திரும்பினார்கள். பட்டறை முதலாளி நாகராசு நின்றார். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் சந்தனம், வாய் நிறையச் சிரிப்பு. இரண்டு தம்ளரைத் தம் கையாலேயே கொண்டுவந்திருந்தார். கொடுத்த கையோடு பழனிச்சாமியைக் கூப்பிட்டு, திருச்சி பஸ்ஸில் டர்பன்டைன் டின் வருகிறது, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எடுத்துவா என்று அனுப்பிவைத்தார்.

ஆத்மநாதன் செய்த தவறு அடுத்ததாக நடந்தது. கெட்டிக்காரர்கள் செய்கிற தவறுதான். கண்டுபிடித்ததைக் காட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை. காகிதத் துண்டை நாகராசுவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

நாகராசுவின் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "அட, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? நாடா தேறிப்போச்சு, உண்மைதான். நாலு பேருக்குத் தெரிஞ்சா போட்டிக்கு வந்துருவாங்கன்னு சொல்லலை. அவர் சாமானெல்லாம் உலர்த்துற ரூம்புலதான் இருக்கு. நீங்களே பாருங்க."

பட்டறையின் கோடியில் இருந்தது அந்த அறை. வர்ணம் அடித்த தகரங்களைச் சூடு காட்டி உலர்த்துவதற்காகக் கட்டியது. ஜன்னல் இல்லை. இரும்புக் கதவு. உள்ளே இரண்டு பெரிய கரி அடுப்புகள் கனன்றுகொண்டிருந்தன.

ஆத்மநாதன் நுழைந்தார். மூக்கன் நுழைந்தான். நாகராசு நுழையவில்லை.

கதவு சாத்திய சத்தமும் தாழ் விழுந்த சத்தமும் ஒன்றாகவே கேட்டன.

"கரிப்புகை கெட்ட பொருளுங்க" என்றது வெளியிலிருந்து அதே உபசாரக் குரல். "ரெண்டு மணி நேரத்துல வேலையை முடிச்சுப்புடும். வேடிக்கை பார்க்கப் போனாங்க, கதவு தானாச் சாத்திக்கிச்சுன்னு நான் சொன்னா யாரும் மறுக்கப் போறதில்லை."

மூக்கன் கதவை உதைத்தான், தோளால் இடித்தான். கதவு சூடாக இருந்ததே தவிர அசையவில்லை.

"காப்பியைக் குடிச்சிருக்கக் கூடாது சார். ஓசிக் காப்பின்னு சந்தோஷப்பட்டேன்."

"பேசாதே. மூச்சை மிச்சப்படுத்து. முதலில் அடுப்பை அணைக்க வேண்டும்."

தண்ணீர் இல்லை. மூலையில் ஒரு பீப்பாயைத் தடவிப் பிடித்த மூக்கன் உள்ளே கையைவிட்டான். வெள்ளைப் பொடி. பலகை இடுக்கை அடைக்கிற மக்குக்காக வைத்திருந்த சீமைச் சுண்ணாம்புப் பொடி.

"மக்குகளுக்கு மக்குத்தான் துணை" என்று சொல்லியபடியே இரண்டு கையாலும் வாரி அடுப்பில் கொட்டினான். தணல் கறுத்தது. ஆனாலும் அறை ஏற்கெனவே குடித்திருந்த புகை எங்கும் போகவில்லை. நெற்றிப்பொட்டில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல் இருந்தது இருவருக்கும்.

ஆத்மநாதன் தீக்குச்சி ஒன்றைக் கிழித்துச் சுவரைச் சுற்றிப் பார்த்தார். சுவர் இடுப்பளவுக்குப் பச்சை, அதற்குமேல் வெள்ளை. இரண்டும் சேரும் கோடு நாலு பக்கமும் கோணல்மாணலாகப் போயிற்று, சாணுக்கு ஒரு நெளிவாக. பின்சுவருக்கு வந்ததும் குச்சி விரலைச் சுட்டது. அவர் அதைக் கீழே போடாமல் நின்றார்.

"மூக்கா, இங்கே ஒரு கஜ தூரம் கோடு நேராகப் போகிறது."

"இந்த நேரத்துல கோட்டைப் பத்தி..."

"இந்தப் பட்டறையில் நேர்க்கோடு பிறந்தே நாலு நாள்தான் ஆகிறது! நாடா ஒட்டி அடித்த கோடு இது. இந்த ஒரு கஜத்துக்கு மட்டும் புதிதாக ஏன் வர்ணம் அடிக்க வேண்டும்?"

மூக்கன் அந்த இடத்தில் தட்டினான். செங்கல் சத்தம் வரவில்லை. பலகைச் சத்தம் வந்தது.

தகரம் தொங்கவிடும் கொக்கி ஒன்றைப் பிடுங்கி இடுக்கில் கொடுத்து இருவரும் நெம்பினார்கள். சுவரோடு சுவராக வர்ணம் பூசி மறைத்திருந்த பலகை தாழிலிருந்து கழன்று சாய்ந்தது. நாடா கையில் கிடைத்ததும், மறைக்க வேண்டிய இடத்திலும் நாகராசுவால் அழகு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பின்னால் ஒரு குறுகிய சரக்கறை. பெயின்ட் டின்களுக்கு நடுவே கை கால் கட்டி, வாயில் துணி அடைத்து ஒரு மனிதன் கிடந்தான். கட்டை அவிழ்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி தண்ணீர் அல்ல.

"மீனம்மா வந்திருக்காளா?"

அவன்தான் பிச்சைமுத்து.

சரக்கறைக்கும் வேறு வாசல் இல்லை. தலைக்கு மேலே பட்டறைப் பக்கமாக ஒரு செங்கல் அளவு துவாரம் மட்டும் இருந்தது. டின்களை அடுக்கி ஏறி, ஒருவர் மாற்றி ஒருவர் அதில் முகத்தை வைத்து மூச்சு வாங்கினார்கள். பிச்சைமுத்துவைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. சத்தம் போட்டால் அது ஞாயிற்றுக்கிழமைக் காலிப் பட்டறையைத் தாண்டாது. நாகராசுவின் காதில் மட்டும் விழும்.

"பஸ் ஒன்னு நான் கொண்டுவந்த நாடாவுல முடிஞ்சுபோச்சு" என்றான் பிச்சைமுத்து மூச்சிரைக்க. "இன்னும் பதினோரு பஸ்ஸுக்கு வாக்குக் குடுத்திருக்காராம். பங்கெல்லாம் தரமுடியாது, பசை எப்படிக் காய்ச்சுறதுன்னு மட்டும் சொல்லுன்னு அடைச்சுப்புட்டாரு. மூணு நாளா இதேதான் கேட்கிறாரு. ஒருவேளைதான் சோறு."

"சொல்லிட்டு வெளிய வந்திருக்கலாம்லய்யா?" என்றான் மூக்கன்.

"எனக்குத் தெரிஞ்சால்ல சொல்ல? பசை என் தங்கச்சி காய்ச்சுறது. உபாயமே அவளுதுதான். பொம்பளை வந்தா பட்டறைக்குள்ள விடமாட்டாங்கன்னு நான் என் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியாதுன்னு சொன்னா, யாருக்குத் தெரியும்னு கேட்பாரு. அதான் வாயையே தொறக்கலை."

ஆத்மநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடித்துக் கால் மணி ஆகியிருந்தது. நாகராசு தேடுகிற ஆளை, நேரம் குறித்து, நேரே பட்டறைக்கே வரச்சொன்னவர் ஆத்மநாதன்தான்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"ஐயா, எங்க அண்ணனைத் தேடிக்கிட்டு ரெண்டு பேரு வந்தாங்களா?"

மூக்கன் துவாரத்தில் வாயை வைத்துக் கத்தப்போனான். பிச்சைமுத்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "வேணாம்! நாம இங்க இருக்குறது தெரிஞ்சா அவ சும்மா போகமாட்டா. அவளையும் உள்ள போட்டுருவான்!"

"வந்தாங்கம்மா, வந்துட்டு இப்பத்தான் போனாங்க" என்றது நாகராசுவின் குரல். "நல்ல சேதிதான். ஒங்க அண்ணன் மெட்ராஸுக்குக் காகிதம் வாங்கப் போயிருக்காரு. பங்காளியாச் சேர்த்தாச்சு. பசைக் குறிப்பு எழுதின ஏடு வீட்டுல இருக்காம். ஒங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாரு."

செருப்புச் சத்தம் ஓர் அடி பின்வாங்கியது.

அந்தப் பொய்யை அவள் நம்பிவிடக் கூடாது, தெரிந்தாலும் அவளுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்று பிச்சைமுத்து ஒரு கட்டையை எடுத்தான். சுவரில் தட்டினான். ரெண்டு சின்னத் தட்டு, ஓர் இழுப்பு. ரெண்டு தட்டு, ஓர் இழுப்பு. புத்தகத்தின் முதுகைத் தட்டி வளைக்கிறபோது பைண்டர் கை போடுகிற தாளம். பதினைந்து வருஷமாக மீனம்மாள் பக்கத்து அறையில் பசை கிண்டிக்கொண்டே கேட்ட தாளம்.

"அது என்னங்க சத்தம்?"

"தகரம்மா. வெயிலுக்கு அப்படித்தான் படபடங்கும்."

ஆத்மநாதன் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்தார். பஸ்ஸின் சிவப்பும், மீனம்மாளின் சேலை நுனியும் தெரிந்தன. சேலை நுனி அசையவே இல்லை.

"சரிங்க" என்றாள் அவள். "ஏடு வீட்டுலதான் இருக்கு. போயி எடுத்தாரேன்."

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது.

"ஏடு என்று ஒன்று இருக்கிறதா?" என்றார் ஆத்மநாதன்.

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க."

"அப்ப புரிஞ்சுகிட்டாங்க" என்றான் மூக்கன்.

"இல்லாட்டிப் பயந்து ஓடிட்டாளோ என்னவோ" என்றான் பிச்சைமுத்து. இருட்டில் அவன் அழுதது கேட்டது.

அடுத்த நிமிஷம் துவாரம் கறுத்தது. நாகராசு வெளியிலிருந்து ஈரச் சாக்கை வைத்து அடைத்துவிட்டார். "இனிமே தாளம் போடுங்க" என்றார்.

காற்று நின்றது. மூன்று பேரும் தரையில் படுத்து, பலகை விழுந்த இடுக்கு வழியாக ஊர்ந்து போய், இரும்புக் கதவின் அடியில் ஒரு நூல் அகல வெளிச்சம் தெரிந்த இடத்தில் மூக்கை வைத்தார்கள். தணல் அணைந்தும் சூடு குறையவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. ஆத்மநாதன் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். முந்நூறுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிப்போயிற்று.

"மூக்கா."

"ம்."

"ஏதாவது சொல்லு."

மூக்கன் சொல்லவில்லை. பத்து வருஷத்தில் அவன் வாயை மூடி ஆத்மநாதன் பார்த்ததில்லை. இருட்டில் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை திருப்பிப் பிடித்தது. ஆனால் பலமாக அல்ல. என் ஒரு வாய்ச்சவடாலுக்கு இந்த மூன்று உயிரா என்று நினைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவின் அடியில் தெரிந்த வெளிச்சத்தில் நிழல்கள் ஓடின. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாத கால்கள். பெருங்கூச்சல். அதைத் தாண்டி மீனம்மாளின் குரல், சந்தையில் ஏலம் கூறுகிற மாதிரி:

"எல்லாரும் கேட்டுக்கங்க! ஒரு படி புளியங்கொட்டையை வறுத்துத் தோலை எடுத்து மாவா இடிங்க. நாலு பங்கு தண்ணி ஊத்திக் காய்ச்சுங்க. எறக்குறப்ப ஒரு கொட்டை அளவு மயில்துத்தம் போடுங்க, பூச்சி வராது. நாடாவுல தடவி, முக்கால் ஈரத்துல ஒட்டி, வர்ணம் அடிச்சு, ஈரத்துணியால தொட்டு உரிங்க. இம்புட்டுத்தான்! இந்தப் பசைக்காகத்தான் எங்க அண்ணனை இங்க அடைச்சு வச்சிருக்காரு. இப்ப பஸ் ஸ்டாண்டுக்கே தெரிஞ்சுபோச்சு. மொதலாளி, இனி அவரை வச்சு நீங்க என்ன பண்ணப்போறீங்க? கதவைத் தொறங்க!"

"இந்தப் பொம்பளைக்குப் புத்தி..." என்று நாகராசு ஆரம்பித்தது கேட்டது. முடித்தது கேட்கவில்லை.

தாழ் விலகியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கதவைத் திறந்தவர் பழனிச்சாமி. அவருக்குப் பின்னால் டிரைவர்கள், கண்டக்டர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், திருச்சிப் பயணிகள் என்று ஐம்பது அறுபது பேர். புது பஸ்ஸின் ஓரமாக நாகராசுவை இரண்டு டிரைவர்கள் அணைத்துப் பிடித்திருந்தார்கள். வெள்ளை ஜிப்பாவில் ஈர டர்பன்டைன் வழிந்தது. பழனிச்சாமி கொண்டுவந்த டின் திறந்து கிடந்தது.

மூக்கனைத் தூக்கி வாசலில் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அவன் கண்ணைத் திறந்தான். "எல்லாரும் டிக்கெட் எடுத்தீங்களா?" என்றான். ஆத்மநாதன் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்து நாகராசுவை அழைத்துக்கொண்டு போகையில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கூட்டம் கலைந்தது. போகிறவர்கள் எல்லோரும் புளியங்கொட்டை, நாலு பங்கு தண்ணீர், மயில்துத்தம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எதிர்ப்புற டீக்கடையில் நால்வர் மட்டும் மிஞ்சினார்கள்.

"அம்மா, உங்களை வரச்சொன்னது என் தவறு" என்றார் ஆத்மநாதன். "காப்பாற்ற வந்தவன் நான். காப்பாற்றியது நீங்கள்."

"நீங்க வரச்சொல்லலைன்னா அந்தத் தட்டு என் காதுல விழுந்திருக்குமாங்க?" என்றாள் மீனம்மாள்.

பிச்சைமுத்து இரண்டாவது தம்ளர் டீயைக் கீழே வைத்தான். கட்டுப் பதிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினான்.

"மூணு நாளா வாயைத் தொறக்காமக் கிடந்தேன் புள்ள. ஒனக்கு ஒரு வழி பொறக்கும்னு. நீ ஒத்த நிமிஷத்துல ஊருக்கே சொல்லிப்புட்டியே. இனிமே யாரு நம்மளைத் தேடி வரப்போறா?"

மீனம்மாள் சாலையை இரு பக்கமும் பார்த்தாள். டீக்கடைக்காரர் உள்ளே பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருஷம் விளக்கு சாஞ்சு, பசைச் சட்டிக்குள்ள விளக்கெண்ணெய் கொட்டிப்போச்சுன்னு என்னை வைதியே, ஞாபகம் இருக்கா? ஒட்டின அட்டையெல்லாம் ஈரம் பட்டதும் தோல் உரியுற மாதிரி உரிஞ்சு வந்துச்சுன்னு?"

"ஆமா. ஆறு புஸ்தகம் வீணாப் போச்சு."

"அந்த எண்ணெயை நான் இன்னிக்குச் சொன்னேனா?"

பிச்சைமுத்து நிமிர்ந்து பார்த்தான்.

"நான் சொன்னபடி காய்ச்சினா நல்லா ஒட்டும்" என்றாள் மீனம்மாள், அண்ணனுக்கு மூன்றாவது டீ சொல்லிக்கொண்டே. "உரிக்கத்தான் வராது."